பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, ஒன்பதாம் கணக்கு: விடை ஆறு அல்ல

மேல்வகுப்புக் கணக்கு கைடைத் தயாரித்து, சரிபார்த்து, அச்சுக்கு அனுப்பிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு, மூன்றாம் மாடியின் பின்பக்க அறையிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் கண் பார்வையும், சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். கண் பார்வையைத் தனியே சொன்னதற்குக் காரணம் கீழே வருகிறது. இங்கே நான் நலம். முழங்காலைப் பற்றி ஆரம்பித்தால் கடிதம் முழங்காலோடு நின்றுவிடும், ஆகையால் அதை விடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி வருஷம் படித்தவள். மீதிப் பாதி நின்றுபோனதற்குக் காரணம் என் பெரியப்பா. அவர் காலமாகி நாற்பத்தாறு வருஷமாகிறது, இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை. பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். துவைக்கிற வேலை இல்லை. துவைத்துக் காய்ந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. எனக்கு எல்லா வியாதியும் வந்தாயிற்று, மறதி மட்டும் வரவில்லை. எந்தச் சூப்பர்வைசர் எந்தக் கிழமை என்ன சொன்னார் என்று கேட்டால் அன்று அவர் போட்டிருந்த சட்டையோடு சேர்த்துச் சொல்வேன். இதை என் மருமகள் ஒரு குறையாகச் சொல்கிறாள். ஒரு சமயம் அதுவே அவளுக்கு உபயோகப்பட்டது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த வீட்டில் நாலு பேர். மகன் காலை எட்டு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவான். என்னிடம் அவனுக்கு இரண்டு வார்த்தைதான் உண்டு, "சரிம்மா" ஒன்று, "பாக்கலாம்மா" ஒன்று. "சரிம்மா" என்றால் செய்யமாட்டான். "பாக்கலாம்மா" என்றால் காதிலேயே விழவில்லை. மருமகளும் வேலைக்குப் போகிறவள், வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு தலை வாரியபடியேதான் எனக்கு உத்தரவு போடுவாள். பேத்தி நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். முன்பெல்லாம் ஹாலில் என் கட்டில் இருந்தது. போகிறவர் வருகிறவர் தடுக்கி விழுவதற்காகவாவது என் பக்கம் பார்ப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, சோபா வந்தது. கட்டில் பின்னறைக்குப் போனது. சோபாவில் இதுவரை யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, துணிதான் உட்கார்ந்திருக்கிறது. எட்டு மணியிலிருந்து நாலரை மணி வரை நானும் ஃப்ரிட்ஜும்தான். ஃப்ரிட்ஜாவது நடுநடுவே ஒரு உறுமல் உறுமிப் பேச்சுக் கொடுக்கும்.

போன மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேத்தியின் கணக்குத் தேர்வுத் தாள் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. மருமகள் உடனே அவள் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு தீர்ப்பும் சொன்னாள்: தினமும் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழு வரை கணக்கு விதிகளைச் சத்தமாகப் பாட்டியிடம் ஒப்பிக்க வேண்டும், பாட்டி தலையாட்டினால்தான் எழுந்திருக்கலாம். பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. "பாட்டிகிட்டயா? அவங்களுக்கு லாக் பத்தி என்னம்மா தெரியும்?" என்றாள். "தெரிய வேண்டாம்டி. ஒரு தடவை கேட்டா மறக்கமாட்டாங்க, அது போதும். நீ நாளைக்கு மாத்திச் சொன்னா பிடிச்சிடுவாங்க" என்றாள் மருமகள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் பேத்தி நாற்காலியைக் கட்டிலிலிருந்து ஆறடி தள்ளிப் போட்டு உட்கார்ந்து, உங்கள் கைடைப் பிரித்து, மந்திரம் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னாள். பெருக்கலின் லாக் என்றால் லாக்குகளின் கூட்டல். வகுத்தலின் லாக் என்றால் லாக்குகளின் கழித்தல். அடுக்கு இருந்தால் அது முன்னால் வந்து பெருக்கும். எனக்கு மூன்றும் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் ஒன்றும் புரியவில்லை. புரியாததற்குத் தலையாட்டி எனக்குப் பழக்கமில்லை. "லாக்னா என்னடி?" என்று கேட்டேன். "ஐயோ பாட்டி, நீ தலையாட்டினா போதும்" என்றாள். நான் ஆட்டவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னாள்: "ரெண்டை எத்தனை தடவை பெருக்கினா எட்டு வரும்? ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு. மூணு ரெண்டு போட்டோம்ல, அந்த மூணுதான் லாக். ரெண்டு அடிமானம். எட்டோட லாக் மூணு. போதுமா?"

போதும் ஐயா. எனக்கு அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் கிடந்த விரிப்பை உருவினேன். ஒரு மடிப்பு மடித்தால் இரண்டு அடுக்கு. இன்னொரு மடிப்பு, நாலு அடுக்கு. மூன்றாவது மடிப்பு, எட்டு அடுக்கு. "எட்டு அடுக்குக்கு எத்தனை மடிப்பு?" என்றேன். "மூணு" என்றாள். "அதைத்தானே முப்பத்தோரு வருஷம் நான் பண்ணினேன்" என்றேன். புத்தகத்தில் அதற்கு மடக்கை என்று தமிழ்ப் பெயர் போட்டிருப்பதை அவள் பிறகுதான் காட்டினாள். பெயரைப் பார்த்து நான் உள்ளே நுழையவில்லை, வேலையைப் பார்த்து நுழைந்தேன்.

பெருக்கல் விதிக்கு வருகிறேன். மூன்று மடிப்பு மடித்த எட்டு அடுக்கை நான் மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளினால், அங்கே இருப்பவள் மேலும் இரண்டு மடிப்புப் போடுவாள். அடுக்கு எட்டு நாலு முப்பத்திரண்டு. மடிப்பு மூன்றும் இரண்டும் ஐந்து. அடுக்கு பெருகுகிறது, மடிப்பு கூடுகிறது. இது சலவைக்கூடத்தில் நேற்றுச் சேர்ந்தவளுக்கும் தெரியும். வகுத்தல் என்றால் மடித்ததைப் பிரிப்பது. துவாலைகளை நாங்கள் மூன்றாகத்தான் மடிப்போம், அப்போது அடிமானம் மூன்று, இரண்டே மடிப்பில் ஒன்பது அடுக்கு வந்துவிடும். "சைபரோட லாக் கிடையாதுன்னு போட்டிருக்கு பாட்டி, ஏன்னு போடல" என்றாள். "விரிப்பே இல்லாம எதைடி மடிப்ப?" என்றேன். அன்று அவள் சிரித்தாள். நாற்காலியை விட்டுக் கட்டிலுக்கு வந்தாள். அது இரண்டாம் நாள், புதன்கிழமை, ஆறு ஐம்பதுக்கு.

ஒன்றின் லாக் சைபர் என்று போட்டிருக்கிறீர்கள். அடிமானம் இரண்டோ மூன்றோ பத்தோ, எதுவானாலும் ஒன்றின் லாக் சைபர்தான் என்று. அதை அவள் வாசித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மடிக்காமல் விரிந்து கிடக்கிற ஒற்றை விரிப்பு, அதில் மடிப்பு ஏது. "இது எப்படி பாட்டி உடனே புரிஞ்சுது?" என்றாள். "பகல்ல நிறைய நேரம் இருக்கு, யோசிக்க" என்று சொல்லி வைத்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் நியாயமாகாது. அவளை நெட்டச்சி என்போம். பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது, ஒரு முனையை வாயில் கவ்வ வேண்டும், அது எச்சில், ஆஸ்பத்திரியில் ஆகாது. ஆகவே ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிப்பது. பத்தொன்பது வருஷம் எனக்கு எதிர்முனை அவள்தான். அதில் கடைசி ஒன்பது வருஷம் நாங்கள் பேசவில்லை. தலையணை உறை எண்ணிக்கை குறைந்தபோது சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொன்னாள், அதனால். ஒரு நாளைக்கு நானூறு தடவை எதிரெதிராக நடந்து வந்து, கை தொட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்புவோம். கடைசி நாள் அவள் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, "வரேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நியாயம் என் பக்கம் இருந்தது. இன்றைக்கும் என் பக்கம்தான் இருக்கிறது. பக்கத்தில்தான் ஆள் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பதினொரு சாயங்காலம் ஐயா. செவ்வாயில் ஆரம்பித்து, ஞாயிறு ஒன்று கழித்து, பதினொன்று. விதிகள் ஐந்தாவது நாளே தீர்ந்துவிட்டன, விரித்தெழுதுக என்று நீங்கள் கொடுத்த கணக்குகள் மட்டும் மிச்சம். அதை எழுதிக்கொண்டே அவள் வேறு பேச்சும் பேச ஆரம்பித்தாள். வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, எதற்காகப் பேசுவதில்லை, முன்வரிசைக்காரி ஏன் பின்வரிசைக்குப் போனாள் என்று. நான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு மறுநாள் சரியான இடத்தில் கேட்பேன். "அந்த சுருட்டைமுடிக்காரி திரும்பப் பேசினாளா?" என்றால், "பாட்டி, எங்க அம்மாவுக்குக்கூட அவ யாருன்னு தெரியாது" என்பாள். மகனைக் கேளுங்கள், என் அறையில் ஏழு மணிக்குமேல் விளக்கும் பேச்சும் இருந்தது இந்தப் பதினொரு நாளில்தான். ஒரு நாள் கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமலேயே "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, உங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. ஒன்பதாம் கணக்கு. அடிமானம் இரண்டு, அடைப்புக்குறிக்குள் எட்டும் எட்டும் கூட்டல், அதன் லாக் மதிப்பு காண்க. கீழே தாங்கள் விடை போட்டிருக்கிறீர்கள்: எட்டின் லாக் மூன்று, எட்டின் லாக் மூன்று, ஆக ஆறு. பேத்தி அப்படியே வாசித்துவிட்டு என் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தாள்.

என் தலை ஆடவில்லை. எட்டும் எட்டும் பதினாறு. பதினாறு அடுக்குக்கு நாலு மடிப்புப் போதும். ஆறு மடிப்புப் போட்டால் அறுபத்துநாலு அடுக்கு வரும். அப்படி ஒரு விரிப்பை மடித்து அடுக்கினால் அது செங்கல், வார்டில் எந்த நர்ஸும் பிரிக்கமாட்டாள், கூப்பிட்டுக் கேட்பார்கள். எட்டடுக்கு விரிப்பின்மேல் இன்னொரு எட்டடுக்கு விரிப்பை வைப்பது வேறு, எட்டடுக்கை மேலும் மூன்று தடவை மடிப்பது வேறு. பக்கத்தில் வைத்ததற்கெல்லாம் மடிப்பைக் கூட்டினால் எப்படி? பெருக்கினதைத்தான் பிரிக்கலாம், கூட்டி வைத்ததைப் பிரிக்க விதி கிடையாது. இந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் கூட்டி வைக்கப்பட்டவர்கள்தான், எனக்குத் தெரியாதா.

"விடை நாலுடி" என்றேன்.

"ஆறு பாட்டி. புக்ல போட்டிருக்கு."

"புக்கை ஒரு ஆள்தானே போட்டிருக்கான். அவனுக்கு அன்னிக்குப் பசியோ என்னமோ. பதினாறோட லாக் நாலுன்னு இதே புக்ல மொதப் பக்கத்துல நீதான் வாசிச்ச."

"அது நேரா மதிப்பு காண்கிற கணக்கு பாட்டி. இது விரித்தெழுதற பாடத்துல வர்ற கணக்கு. ரெண்டுக்கும் முறை வேற."

"முறை வேறன்னா பதினாறு வேற ஆயிடுமா?"

"டீச்சரே இந்தப் புக்தான் வாங்கச் சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்று மருமகள் சொல்கிறாள். நான் மூடவில்லை. புத்தகத்தை நம்புகிற புத்தி அவள் அப்பாவிடமிருந்து வந்தது என்றேன், அவன் இரண்டாம் வகுப்பில் அச்சுப்பிழையோடு ஒரு பாட்டை ஒப்பித்ததைச் சொன்னேன். சூப்பர்வைசர் ரெஜிஸ்தரில் எழுதிவிட்டார் என்பதற்காக இல்லாத உறையை நான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாத கதையைச் சொன்னேன். பெரியப்பாவைச் சொன்னேன். நெட்டச்சியைச் சொன்னேன். பேத்தி புத்தகத்தை மூடினாள்.

"உங்களுக்கு எல்லாருமே தப்பு பாட்டி. நீங்க ஒருத்தர் மட்டும்தான் சரி. அதனாலதான் உங்ககிட்ட யாரும் வந்து பேசறதில்ல" என்றாள்.

ஐயா, அவள் பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு "நீங்க" என்றாள். மரியாதை கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்று சனிக்கிழமை. ஐந்து நாளாகிறது. ஆறரை மணிக்கு அவள் அறைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது, கதவைச் சாத்திக்கொண்டு சுவருக்கு ஒப்பிக்கிறாள். நான் என் அறையிலிருந்தே காதைக் கொடுத்துத் தலையாட்டுகிறேன், சரியாகத்தான் சொல்கிறாள், ஒன்பதாம் கணக்கில் மட்டும் ஆறு என்கிறாள். அந்த இடத்தில் தலையை நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த வியாழக்கிழமை மறு தேர்வு. அதில் இதே மாதிரிக் கணக்கு வந்தால் அவள் தவறாக எழுதுவாள். தவறாக எழுதி மதிப்பெண் போனால் நான் சொன்னது சரி என்று ஆகும், அவள் தோற்றுப்போவாள். சரி என்று ஆகிவிட்டால் நான் ஜெயித்தேன். அப்படி ஜெயித்து யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

சாட்சி தேடாமலும் இல்லை. தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஈரத்துணி அவர் செடியில் சொட்டியது என்று நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு வார்த்தை சொன்னார், அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. அந்தக் கோபத்தை முழங்காலோடு சேர்த்து மூன்று மாடி இறக்கிக்கொண்டுபோய், கதவைத் தட்டி, "சார், எட்டும் எட்டும் கூட்டி லாக் எடுத்தா நாலா ஆறா?" என்று கேட்டேன். அவர், "நான் பூகோளம்மா" என்றார். நாலு வருஷமாகக் கணக்கு ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டு கோபப்பட்டிருக்கிறேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். செடி பட்டுப்போய்விட்டதாம், எங்கள் தண்ணீர் நின்ற பிறகு. நல்ல கோபம் ஒன்று வீணாயிற்று.

பிறகு முனையில் இருக்கிற மருந்துக்கடைக்காரரிடம் போனேன். அவர் போனில் கணக்குப் போடும் பொத்தான்களை எல்லாம் அழுத்திப் பார்த்து, "பதினாறுக்கு லாக் ஒண்ணு புள்ளி ரெண்டு சைபர் நாலும்மா" என்றார். நாலா ஆறா என்று கேட்கப் போய் மூன்றாவது ஒரு விடையோடு நிற்கிறேன். "அதுல புள்ளிக்கு அப்புறம் கடைசியில ஒரு நாலு வருதே, அதை வெச்சுச் சமாளிங்க" என்று வேறு சொன்னார். நல்ல மனுஷன். பின்னால் வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்தான், "அது அடிமானம் பத்துக்குக் காட்டும் ஆன்ட்டி" என்றாள். பத்தாக மடிக்கிற துணி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவளையே கேட்டிருக்கலாம், அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

கைடின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் போட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அதைக் கூப்பிட்டேன். ஒரு பெண் மிகவும் பணிவாக வணக்கம் சொன்னாள், புத்தகம் வாங்க ஒன்றை அழுத்து, வேறு விவரத்துக்கு இரண்டை அழுத்து என்றாள். எனக்கு அழுத்த வரவில்லை, ஆகவே விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். எட்டடுக்கிலிருந்து நெட்டச்சி வரை சொன்னேன். அவள் பதிவு செய்து வைத்த குரல் என்பது எனக்கு இரண்டாம் நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் பேசி முடிக்கும்வரை ஒரு தடவைகூட "ஐயோ பாட்டி, இதைத்தான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே" என்று சொல்லவில்லை. புதன்கிழமையும் கூப்பிட்டேன். வியாழக்கிழமை மகன் போன் பில்லைப் பற்றி ஏதோ சொன்னான், நான் "பாக்கலாம்ப்பா" என்றேன்.

நேற்று ஒரு யோசனை வந்தது. வாயால் சொன்னால்தானே சண்டை, கண்ணால் பார்க்கட்டும் என்று, இரண்டு விரிப்பை எடுத்து, வாயில் கவ்வி, ஒவ்வொன்றையும் மும்மூன்று மடிப்பாக எட்டடுக்கு மடித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். பக்கத்தில் இன்னொரு விரிப்பை நாலு மடிப்பு மடித்து வைத்தேன். இரண்டு அடுக்கும் ஒரே உயரம். விரலால் அளந்துவிட்டேன். ஆறு மடிப்பு மடித்ததை மூன்றாவதாக வைத்தேன், அது கோபுரம்போல நின்றது. மூன்றையும் வரிசையாக அவள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, என் அறையில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். மருமகள்தான் முதலில் வந்தாள். "அத்தை, துணி மடிச்சுட்டீங்களா, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லி மூன்றையும் அள்ளி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் நன்றி, அதுவும் சாட்சியத்தை அழித்துவிட்டுச் சொன்னது.

பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "ஆறுன்னு சொல்லிடுங்களேன் அத்தை. உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அவளும் நாலு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுத்தான் சாப்பிடறா. நீங்கதான் பெரியவங்க, விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்றாள். நியாயமான கேள்விதான். இரவெல்லாம் யோசித்தேன். ஆறு என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே ஆறரை மணிக்குக் கதவு திறக்கும். அவள் வந்து கட்டிலில் உட்காருவாள், சுருட்டைமுடிக்காரியின் கதை மீதி கிடைக்கும். வியாழக்கிழமை தேர்வில் என் பேச்சைக் கேட்டு ஆறு என்று எழுதிவிட்டு வருவாள். அது என்னால் முடியாது ஐயா. நான் நிறையப் பேரோடு பேசாமல் இருந்திருக்கிறேன், யாரிடமும் எண்ணிக்கையை மாற்றிச் சொன்னதில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி. தங்கள் அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், முத்திரையோடு, "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒன்பதாம் கணக்கின் விடை நாலு" என்று எழுதி, என் பேத்தியின் பெயருக்கு அனுப்புங்கள். "பாட்டி சொன்னது சரி" என்று எழுத வேண்டாம். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் மறுபடி "நீங்க" என்பாள். தங்கள் தவறு என்று மட்டும் எழுதுங்கள். தாங்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது, ஆகையால் தங்கள்மேல் கோபம் வந்தாலும் தங்களுக்கு நஷ்டமில்லை. எனக்கு நஷ்டம் உண்டு. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்தவும் வேண்டும். எத்தனை வீட்டில் எத்தனை பாட்டிகள் இதனால் பேச்சில்லாமல் கிடக்கிறார்களோ, அந்தப் பாவம் தங்களுக்கு வேண்டாம்.

தங்கள் கையெழுத்து தெளிவாகவும், தங்கள் பிள்ளைகள் தங்களோடு கதவைத் திறந்துவைத்துப் பேசுகிறவர்களாகவும், தாங்கள் முதுமையில் ஹாலிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறவராகவும் இருக்க ஆசீர்வதிக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். பின்னட்டை எண்ணில் பேசுகிற அந்தப் பெண்ணையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, பின்பக்க அறை, ஓய்வுபெற்ற மடிப்புக்காரி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி முடித்துப் பத்து நாளாகிறது. உறை வாங்கி வரச் சொன்னேன், மகன் "சரிம்மா" என்றான், இன்றுதான் வந்தது. இடையில் தேர்வு முடிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பேத்தி பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்தாள். அடிமானம் இரண்டு, பதினாறும் பதினாறும் கூட்டல், லாக் காண்க என்று வந்ததாம். தங்கள் கைடைப் படித்தவர்கள் எல்லாரும் எட்டு என்று எழுதினார்களாம். இவள் எட்டு என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல், விடைத்தாளின் ஓரத்தைக் கிழித்து மடியில் வைத்து மடித்துப் பார்த்தாளாம். "அஞ்சு மடிப்புலயே முப்பத்திரண்டு வந்துடுச்சு பாட்டி, எட்டை அடிச்சுட்டு அஞ்சுன்னு போட்டேன். டீச்சர் ஓரம் ஏன் கிழிஞ்சிருக்குன்னு கேட்டாங்க" என்றாள். "நீ என்ன சொன்ன?" என்றேன். "வீட்ல சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னேன்" என்றாள். பாட்டி என்று சொல்லியிருக்கலாம், அதை ஞாபகம் வைத்திருக்கிறேன். "நீ எப்படிக் கண்டுபிடிச்ச, மறுபடி சொல்லு" என்று கேட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவள், ஒன்றரை மணி நேரம் இருந்தாள். சுருட்டைமுடிக்காரி பேசிவிட்டாளாம். அறுபத்தெட்டு மதிப்பெண். மருமகள் சந்தோஷத்தில் அலமாரியைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள். எழுந்து போகும்போது பேத்தி, "லாக் முடிஞ்சுது பாட்டி. அடுத்த பாடம் முக்கோணவியல், அதை நானே பார்த்துப்பேன், நீ ரெஸ்ட் எடு" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். இன்றைக்கு ஆறரை மணிக்குச் சத்தமில்லை.

ஆகவே மேலே கேட்டதை எல்லாம் ரத்து செய்துகொள்கிறேன். அந்த ஒரு வரி வேண்டாம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருத்தினாலும் சரி, திருத்தாவிட்டாலும் சரி. அதற்குப் பதிலாக, முக்கோணவியல் பாடத்தில் ஒரு நாலைந்து தவறுகள் போட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா? மற்றப் பிள்ளைகளுக்கு நல்ல பிரதியே போகட்டும். முக்கோணமாக மடிக்கிற துணியும் எங்களிடம் உண்டு, கை முறிந்தவர்களுக்குக் கட்டுவது, ஆகவே எனக்குப் பிடிபடும். தவறுகள் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் ஐயா. சின்னத் தவறென்றால் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துவிடுகிறது.